செவிலியின் பெயர்

பாடசாலை இலக்கிய மன்றத்தில் மாணவர் விடுக்கும் வினாக்களுட் பெரும்பாலானவற்றுக்கு விடை நூல்களிற் கிடைத்துவிடும். சில வினாக்களோ நூல்களையே கூண்டில் ஏற்றி நிறுத்துவன. அத்தகைய வினா ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மேனாட்டார் காதற் கதைகளையும் நம்மவர் அகத்திணை மரபையும் ஒப்புநோக்கி உரையாடும் பொருட்டு, எல்கடுவவில் எம் மன்றத்து மாணவர்க்குப் பழைய ஹொலிவூட் படமொன்றை இரண்டு மாலைப்பொழுதுகளிற் காட்டினேன். 1939ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோன் வித் த விண்ட்’ என்பது அப்படம். ‘காற்றோடு போயிற்று’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். மார்கரெட் மிட்செல் அம்மையார் 1936இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. ஏறத்தாழ நான்கு மணிநேரம் ஓடுவது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்டு, ஜோர்ஜியா மாநிலத்துப் பருத்தித் தோட்டமொன்றின் உரிமையாளர் மகளாகிய ஸ்கார்லெட் என்பாளின் காதலையும் இழப்பையும் அது கூறுகின்றது. விவியன் லீயும் கிளார்க் கேபிளும் நாயகியும் நாயகனுமாக நடித்தனர்.

படம் முடிந்ததும் தோட்டத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, ஸ்கார்லெட்டை வளர்த்த அந்தக் கறுப்பு அம்மாவின் பெயர் என்ன?” என்று கேட்டாள்.

“மம்மி என்று எல்லாரும் அழைத்தார்களே” என்றேன்.

“அது முறைப்பெயர், ஐயா. அவருடைய சொந்தப் பெயர்?”

எனக்கு விடை தோன்றவில்லை. ஆசிரியத் தொழிலுக்கே இயல்பான ஒரு தந்திரத்தைக் கையாண்டேன். “நம் சங்க அகப்பாடல்களிலும் செவிலிக்குப் பெயர் இல்லையே, அம்மா. அகனைந்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதியன்றோ?” என்றேன்.

அவள் சற்றுச் சிந்தித்தாள். “நம்ம பாட்டில் தலைவிக்கும் பெயர் இல்லையே, ஐயா. தலைவனுக்கும் இல்லை. இந்தப் படத்தில் அந்த அம்மாவுக்கு மட்டுந்தானே இல்லை?” என்றாள்.

அன்று மன்றம் அவ்வளவில் முடிந்தது. அவ்வினாவோ முடியவில்லை.

வீடு சென்று ஆராய்ந்தபோது, மாணவி கூறியதே சரியென்று கண்டேன். 1936ஆம் ஆண்டு நாவலிலும் சரி, 1939ஆம் ஆண்டுப் படத்திலும் சரி, அச்செவிலிக்குச் சொந்தப் பெயர் கிடையாது. நாயகியை நீராட்டியவள், உணவூட்டியவள், கடிந்து திருத்தியவள், பிணியிலும் பசியிலும் உடனிருந்தவள் அவள். எழுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2014இல், மிட்செலின் உரிமையாளர் இசைவுடன் டொனால்ட் மக்கெய்க் என்பார் எழுதிய மற்றொரு நாவலில் ‘ரூத்’ என்னும் பெயர் அவளுக்கு வழங்கப்பட்டது.

இஃது ஓர் ஆசிரியையின் மறதி என்று கழித்துவிடத்தக்கதன்று. அமெரிக்க அரசு 1850இலும் 1860இலும் குடிசனக் கணக்கெடுத்தபோது அடிமைகளுக்கெனத் தனிப்பட்டியல் வகுத்தது. அதில் உடையவனின் பெயர் எழுதப்பட்டது. அவனுக்குக் கீழே, அவன் உடைமையாகிய மாந்தரின் வயது, பால், நிறம் என்பன எழுதப்பட்டன. சிறுபான்மை தவிர அவர்தம் பெயர்கள் எழுதப்படவில்லை. 1860இல் அவ்வாறு எண்ணப்பட்டோர் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர். அரசின் ஏடு பெயரை விழுங்கிய பின்னர் கதையின் ஏடு அதனை விழுங்குதல் எளிதாயிற்று.

படத்திற் காட்டப்படும் அடிமைகள் எசமானர் குடும்பத்தை விட்டகலாது அழுபவர்கள். போர் முடிந்து விடுதலை கிடைத்த பின்னும் அவ்வில்லத்தையே சுற்றி நிற்பவர்கள். வரலாறு காட்டுவது வேறு. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களுக்கு எதிராக, ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடவர் படையிற் சேர்ந்து போர் புரிந்தனர். அவர்களுள் ஒருவர் அடிமையாகப் பிறந்த ஹென்றி மக்டானியல். அவருடைய மகளே, படத்தில் அப்பெயரில்லாச் செவிலியாக நடித்த ஹட்டி மக்டானியல் அம்மையார். விடுதலைக்காகப் படைக்கலம் ஏந்திய தந்தையின் மகள், விடுதலையை வேண்டாத அடிமையாக வேடம் பூண்டார். அவ்வேடத்திலும் அவர் தம் கண்ணாலும் குரலாலும் ஒரு தனிமனுஷியைப் படைத்துக் காட்டினார். எம் மாணவி பெயர் கேட்டதற்குக் காரணமே அந்நடிப்புத்தான் என்பேன்.

1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் நிகழ்ந்த முதற்காட்சிக்கு அவ்வம்மையார் செல்ல இயலவில்லை. இனப்பிரிவினைச் சட்டம் தடுத்தது. 1940 பெப்ரவரியில் துணைநடிகைக்கான ஒஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. எனினும் விருதளிப்பு மண்டபத்தில் அவருக்கு இருக்கை வேறு மேசையில் இடப்பட்டது. 1952இல் அவர் மறைந்தபோது, அவர் விரும்பிய ஹொலிவூட் இடுகாட்டில் இடம் மறுக்கப்பட்டது. அவர் ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்ற விருது காலப்போக்கிற் காணாமற் போயிற்று. அதற்கு ஈடாக வேறொன்றைத் திரைக்கலைக் கழகத்தார் 2023இல் அப்பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர்.

நிற்க. இப்படத்தை இனி என் செய்வது என்னும் விவாதம் அண்மையில் உலகெங்கும் எழுந்ததை வாசகர் அறிவர். 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்பவர் பொலிஸ்காரர் ஒருவரின் முழங்காலின்கீழ் உயிர்நீத்தார். அதனை அடுத்து எழுந்த கொந்தளிப்பினிடையே, திரைக்கதையாசிரியர் ஜோன் ரிட்லி இப்படத்தைச் சிறிது காலம் விலக்கிவைக்க வேண்டுமென்று பத்திரிகையில் எழுதினார். எச்.பி.ஓ. மெக்ஸ் என்னும் ஒளிபரப்பு நிறுவனம் ஜூன் மாதத்தில் அதனை விலக்கியது. இரு கிழமைகளின் பின், திரைப்பட ஆய்வாளர் ஜக்குலின் ஸ்டுவர்ட் வழங்கிய முன்னுரையுடன் மீண்டும் சேர்த்தது. ‘கலையைத் தணிக்கை செய்தனர்’ என்று ஒருசாரார் குரலெழுப்பினர். ‘நச்சுக்கு முன்னுரை எதற்கு?’ என்று மற்றொரு சாரார் வினவினர்.

தமிழ்ப் பண்டிதன் என்ற முறையில் எனக்கு இவ்விடத்தில் ஐயம் எழவில்லை. நம் முன்னோர் கருத்து மாறுபட்ட நூலுக்குக் கண்ட மருந்து உரையே. சூத்திரத்தை அழியாது வைத்து, அதன் பக்கத்தே மறுப்பையும் விளக்கத்தையும் எழுதிச் சென்றனர். முன்னுரையுடன் படம் மீண்டது உரைமரபின்பாற் பட்டது. அதனினும் சிறந்தது எதிர்நூல் இயற்றல். அலிஸ் ரண்டால் என்னும் கறுப்பின எழுத்தாளர், அதே தோட்டத்தின் கதையை அடிமைப் பெண்ணொருத்தியின் வாய்மொழியாக 2001இல் நாவலாக்கினார். மிட்செலின் உரிமையாளர் நீதிமன்றத்தை நாடினர். கீழ்நீதிமன்றம் விதித்த தடையை மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டிலேயே நீக்கியது. அந்நூலிற் பேசுபவள் ஸ்கார்லெட்டுக்கு ஒருதந்தை வயிற்றுச் சகோதரி, செவிலியின் மகள். பெயரில்லாதவளுக்கு வயிறும் வழித்தோன்றலும் உண்டு என்பதை அந்நூல் உலகுக்கு நினைவூட்டியது.

இவையெல்லாம் அமெரிக்கர் வழக்கு, எல்கடுவவில் இருப்பார்க்கு இதனால் என்னவெனின், கூறுவேன்.

விவியன் லீ பிறந்த இடம் தேயிலை விளையும் டார்ஜிலிங். ஸ்கார்லெட்டாக நடித்துப் புகழெய்திய அவர், 1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எம் இலங்கைக்கு வந்தார். இங்கும் அவர் நடிக்க வந்தது தோட்டத்துக் காதற்கதை ஒன்றிலேயே. ‘எலிபன்ட் வோக்’ என்னும் அப்படத்தில் நாயகி, தேயிலைத் துரையொருவரை மணந்து பங்களாவுக்கு வரும் ஆங்கிலப் பெண். படப்பிடிப்பினிடையே விவியன் லீ மனநலங் குன்றியமையால், எலிசபெத் டெய்லர் அப்பாத்திரத்தை ஏற்றார். தொலைவில் எடுக்கப்பட்ட சில காட்சிகளில் விவியன் லீயின் உருவம் எஞ்சிற்று. 1954இல் படம் வெளிவந்தது. யானைகளின் பாதையை மறித்துக் கட்டிய பங்களா, துரைமார் இருவரிடையே தவிக்கும் உள்ளம், கொள்ளைநோய், தீ என்பன அதன் பொருள். கொழுந்து பறிப்பவர் கூட்டமாக வருகின்றனர். நோயிற் கூட்டமாக மடிகின்றனர். ஜோர்ஜியாவின் பருத்திக்காட்டிலும் இலங்கையின் தேயிலைமலையிலும் ஹொலிவூட்டின் கருவி ஒரே இடத்திலேயே நின்றது. அது பங்களாவின் சாளரம்.

அந்த 1953இல் சாளரத்துக்கு வெளியே நின்றோர் நிலை யாது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்கள் நாடற்றோராகி ஐந்தாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்களுட் பெரும்பாலோர்க்கு வாக்கில்லை. அவ்வாண்டில் அவர்தம் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். இவற்றின் சுவடு ஒன்றையும் அப்படத்திற் காணோம்.

ஒப்புமை கூறுமிடத்து நேர்மை வேண்டும். எம் மூதாதையர் அடிமைகளாக விற்கப்பட்டவரல்லர், கூலிக்கு வந்தவர். ஆயினும் ‘துண்டு’ என்னும் கடன்சீட்டு அவர்களைக் கங்காணிக்குப் பிணித்தது. 1921இலேதான் சட்டம் அதனை ஒழித்தது. பட்டியலில் அவர்களுக்குப் பெயர் இருந்தது. ஆனால் அப்பெயருக்கு நேர்ந்த கதியைத் தோட்டத்துப் பேச்சுமொழியே கூறும். காலையிற் பிரட்டுக்களத்திற் கூடியவர்க்கு ஒருநாட் கூலி பதியப்படுதல் ‘பேர் போடுதல்’ எனப்படும். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. மனிதனைச் சுட்டும் சொல் நாட்கூலியின் அளவாக மாறியமையும், அவ்வளவு பாதியாக வெட்டப்பட்டமையும் வேறெத் தமிழ் வட்டாரத்து வழக்கிலும் யான் கண்டதில்லை. ஸ்கார்லெட்டின் செவிலிக்குப் பெயரே இல்லை; எம் கொழுந்துக்காரிக்கோ மழை பெய்த நாளில் அரைப் பேர்.

இனி, ஹொலிவூட்டை மட்டும் குறைகூறி அமைதல் நடுவுநிலைமையாகாது. பிராசீன பாடசாலையில் அகத்திணையியல் கற்றபோது, யான் விரைந்து கடந்துசென்ற சூத்திரமொன்று உண்டு. பிறர்க்கு அடிமையாயினாரும், பிறர் ஏவலைச் செய்வாரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளில் வைக்கத்தக்கவர் என்னும் கருத்தினது அது. இளம்பூரணர் அதற்குக் காரணங் கூறுவர்: அறமும் பொருளும் இன்பமும் வழுவாது ஒழுகுதல், பிறர்க்குக் குற்றேவல் செய்து வாழ்வார்க்கு அரிது என்பது அவர் உரையின் சாரம். தன்நேரம் தனதல்லாதவனுக்குக் காதல் எங்ஙனம் அமையும் என்பதே அதன் உட்கருத்து. பரீட்சைக்கு அதனை நெட்டுருச் செய்தேன்; எம் தோட்டத்து மக்களை ஒருகாலும் அதனோடு சேர்த்து எண்ணினேனல்லேன். அன்று மாணவியிடம் செவிலிக்காக வாதாட வந்த தொல்காப்பியமே, இவ்விடத்திற் பங்களாச் சாளரத்தின் உட்புறம் நின்று பார்க்கின்றது. அதனையும் எரிக்க வேண்டா. அதற்கும் உரை வேண்டும்.

அவ்வுரையை எம் மக்கள் ஏட்டில் எழுதாது களத்தில் எழுதினர். மாசித் திங்களில் மலையகத் தோட்டங்களிற் காமன் ஊன்றி ஆடும் கூத்தைக் கண்டவர் இதனை அறிவர். பகலிற் கவ்வாத்து வெட்டியவன் இரவில் முடிதரித்து மன்மதனாகின்றான். சிவன் நெற்றிக்கண்ணால் அவன் எரிகின்றான். இரதி அழுது புலம்புகின்றாள். தப்பொலி லயத்துச் சுவர்களில் மோதி மீள்கின்றது. காதலுக்கு உரியரல்லர் என்று இலக்கணம் ஒதுக்கிய ‘வினைவலர்’, காதற்கடவுளையே தமக்கு நாயகனாக்கிக்கொண்டனர். தேர்ந்த உரையாசிரியனும் இதனினும் கூரிய மறுப்பை எழுதமாட்டான். அவர்தம் நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும், என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ம், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’யும் அம்மரபின் எழுத்து வடிவங்கள். பெயர்பெற்ற மாந்தர் உலவும் கதைகள் அவை.

எனினும் எழுதப்படாதது இன்னும் மிகுதி. அமெரிக்கப் படத்தில் யாவரும் வியக்கும் காட்சி, அட்லாண்டாப் புகையிரத நிலையத்தது. மருத்துவரைத் தேடி வந்த நாயகி, வெயிலிற் கிடத்தப்பட்ட காயமுற்ற வீரர்களிடையே நடக்கின்றாள். கருவி மேலெழ எழ, கிடப்போர் தொகை கண்ணுக்கு எட்டாது விரிகின்றது. அதனைக் கண்டபோது என் நெஞ்சில் எழுந்தது வேறொரு புகையிரத நிலையம். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் பாதிபாதியாகப் பங்கிட்டன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார்க்கு ஏறிய வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவர்க்கு இலங்கைக் குடியுரிமை. மணம் பேசி வைத்த பெண் ஒரு கரையிலும் அவளுக்குரியவன் மறுகரையிலும் நின்ற குடும்பங்களும் உண்டு. 1984இற் போர்ச்சூழலால் இராமேசுவரக் கப்பற் போக்குவரத்து நின்றபோது, எஞ்சியிருந்த வழியும் அடைபட்டது. பிரிவை உரிப்பொருளாகவும் வெம்மையை முதற்பொருளாகவும் கொண்டது பாலைத்திணை என்று கற்பிக்கின்றோம். குளிர்பனி மூடிய மலைநிலையங்களிற் பிறந்த அப்பாலைக்கு எம் பாடநூலில் இடம் யாது?

படத்தின் மற்றொரு பொருளும் எம் மாணவரைத் தொட்டது. ஸ்கார்லெட்டின் உண்மைக் காதல் ஆடவர்மீதன்று. தன் தந்தையின் தோட்டத்து மண்மீது. போர் அனைத்தையும் அழித்த பின்னர், அவள் அம்மண்ணைப் பற்றி எழும் காட்சியில் எம் பிள்ளைகள் கண்கலங்கினர். யானும் கலங்கினேன், கலையின் ஆற்றலை மறுப்பவனல்லேன். ஆயின் கண்களைத் துடைத்த பின்னர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மண்ணை உழுதவர் எவர்? அவர்க்கு அதில் எத்துணை முழம் உரியதாயிற்று? தோட்டத்தில் வீடமைக்கக் கொடுக்கும் நிலம் ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று பல்லாண்டு வாதிடக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், பெருந்தோட்டமொன்றுக்கு உரியவளின் நில இழப்புக்கு அழுதனர். பிறர்துயர்க்கு அழும் உள்ளம் நன்றே. அவ்வுள்ளம் தன் பாட்டியின் துயரையும் கதைக்குரிய பொருளென்று அறியாதிருத்தலே கேடு.

தோட்டமாளிகைகளைப் பற்றிய வழக்கு அமெரிக்காவில் இன்னும் ஓய்ந்திலது. தோட்டமாளிகைகளைத் திருமண இடங்களாக விளம்பரப்படுத்துவதைச் சில பெரிய இணைய நிறுவனங்கள் 2019இற் கைவிட்டன. லூயிசியானாவில் விற்னி என்னும் தோட்டம் 2014 முதல் அடிமைகளின் நினைவகமாக விளங்குகின்றது. அதே மாநிலத்தில் உல்லாச விடுதியாக இருந்த நொட்டவே மாளிகை 2025 மே மாதம் தீக்கிரையானபோது, சிலர் கட்டடக்கலைக்காக வருந்தினர். சிலர் வருந்த மறுத்தனர். எம் மலைகளிலும் பழைய துரை பங்களாக்கள் பல உல்லாச விடுதிகளாயின. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிப் படமெடுத்துக்கொள்ளும் பயணிகளையும் காண்கின்றோம். கம்பளைப் பகுதியில் 2007 முதல் தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் இயங்குவது ஆறுதல். பங்களாக்களைக் காணச் செல்வோர் அங்கும் செல்வாராக.

பெயர்பற்றிய விழிப்பு எம்மவரிடையே தோன்றிவிட்டது என்பதற்கு மாத்தளையே சான்று. மலையகத்தார் வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு, 2023 ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி, முன்னோர் நடந்துவந்த வழியே பதினாறு நாள் நடந்து, ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையை அடைந்தது. ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்பது அவர்கள் ஏந்திவந்த பெயர். 1911 முதல் குடிசனக் கணக்கில் ‘இந்தியத் தமிழர்’ என்றே எழுதப்பட்டு வந்த இம்மக்களுக்கு, 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரும் உடன்சேர்ந்தது. இனத்துக்குப் பெயர் கிடைத்தது. தனிமாந்தர் பெயர்களைத் தேடும் பணி எஞ்சியுள்ளது. அப்பணி அரசினதன்று, ஆசிரியரதும் மாணவரதும் இலக்கிய மன்றங்களதுமாகும்.

எம் மன்றத்தில் ஒரு குறிப்பேடு திறந்துள்ளோம். ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்து மூத்த பெண்டிரிடம் சென்று மூன்று செய்திகள் கேட்டு எழுதவேண்டும்: பெயர், பிறந்த தோட்டம், பிரிந்தவர். வினாவெழுப்பிய மாணவியே முதற்பக்கத்தை எழுதினாள். தன் பாட்டியின் பெயரை எழுதி, அதன்கீழ், கோச்சியில் ஏற்றிவிட்டுப் பின்னர் ஒருகாலும் காணாத பாட்டியின் தங்கை பெயரை எழுதியிருந்தாள். அப்பெயர்கள் அக்குடும்பத்துக்கு உரியன ஆதலின் ஈண்டு எடுத்தெழுதேன். அவளுக்குக் குறிப்பேட்டில் ஓர் ஐயம் எழுந்தது: “ஐயா, தங்கச்சி உயிரோடு இருக்காங்களா என்று பாட்டிக்குத் தெரியாதாம். அந்த இடத்தை எப்படி நிரப்புவது?”

வெறுமையாக விடுமாறு கூறினேன். மண்டபம், மதுரை, நீலகிரி, கூடலூர் என எங்கேனும் வாழும் அன்பர் எவரேனும் ஒருநாள் அவ்விடத்தை நிரப்பக்கூடும்.